அண்ணன் தேடிய போர்த்துகீசிய ரத்தம்

என் அண்ணனுக்கு ஒரு பைத்தியம் உண்டு. போர்த்துகீசியர் காலத்திலிருந்தே சாந்தோமில் இருக்கும் கத்தோலிக்கக் குடும்பம் எங்களுடையது; ஆகவே எங்கள் உடம்பில் ஓடுவதும் போர்த்துகீசிய ரத்தம்தானாம். அண்ணன் நல்ல கறுப்பு, நானும்தான். அதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்.

அவர் மகள் ஒரு பையனை விரும்பினாள். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர். கோட்டூர்புரம் ஆற்றோரக் குடிசையிலிருந்து அரசாங்கம் ஊருக்கு வெளியே பெரும்பாக்கம் அடுக்குமாடிக்கு மாற்றிய இந்துக் குடும்பம். "நம்ம ரத்தம் வேற, அவங்க ரத்தம் வேற" என்று அண்ணன் ஒரே பிடியாக நின்றார். அப்பா சம்மதிக்காமல் கல்யாணம் வேண்டாம் என்று இவளும் நின்றாள். ஒரே மேசையில் சாப்பிட்டாலும், குழம்பை நகர்த்தச் சொல்வதுகூட என் வழியாகத்தான்.

கடைசியில், ரத்தத்தை நிரூபித்தே தீருவேன் என்று மரபணுச் சோதனைக்கு எச்சிலைத் துப்பி அனுப்பினார் அண்ணன். முடிவு செல்போனில் வந்ததும் என்னைக் கூப்பிட்டார். நான் உயிரியல் டீச்சர்.

போர்த்துகல் வாசனையே இல்லை. நியாண்டர்தால்தான் கொஞ்சூண்டு இருந்தது.

"அவங்க எந்த ஊர்க்காரங்க?" என்றார் ஆவலாக.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஊரு இல்லண்ணே, மனுஷ இனமே வேற. எப்பவோ அழிஞ்சு போயிட்டாங்க. அதுக்கு முன்னாடி நம்ம ஆளுங்க அவங்களோட சேர்ந்து புள்ள பெத்திருக்காங்க. அந்த மிச்சம்தான் இது. எனக்கும் இருக்கும், அந்தப் பையனுக்கும் இருக்கும்."

வேறு மனித இனத்தோடேயே சம்பந்தம் பண்ணியாயிற்று, இவருக்குப் பெரும்பாக்கம் ஆகவில்லையா என்று கேட்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

அடுக்களை வாசலில் நின்றிருந்த மகள் வாயைத் திறந்தாள். "அவங்களோட சேர்ந்த நம்ம பொண்ணோட அப்பா ஒத்துக்கிட்டாரா டாடி?"

அண்ணன் செல்போனைக் கீழே வைத்தார்.

"எங்க ஒத்துக்கிட்டிருப்பான்? அவளும் கேட்டிருக்க மாட்டா. அவ பாட்டுக்குப் போயிருப்பா."

சொல்லிவிட்டு மகளையே பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"நீதாம்மா என்கிட்ட கேட்டுக்கிட்டு நிக்குற."

அவள் ஓவென்று அழுதாள். நானும் அழுதேன், வெட்கம் என்ன?

அண்ணன் மூக்கைச் சிந்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் நீயும் வா. பெரும்பாக்கத்துக்கு இங்கேர்ந்து எந்த பஸ்ஸு?"