களத்துச் சூடும் கிருஷ்ணவேணி அக்காவின் பாதமும்

கிருஷ்ணவேணி அக்கா எனக்கு ஓரகத்தி. பெருமுக்கல்லில் அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். சர்க்கரை நோய் வந்ததிலிருந்து யார் எதைச் சொன்னாலும் அவளுக்கு வேதவாக்கு. ஆவாரம்பூவைக் கொதிக்க வைத்தாள், கொய்யா இலையை மென்றாள், பாகற்காய்ச் சாற்றைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். எது எதற்கு என்று கேட்டால், "எல்லாம் சக்கரைக்குத்தான்டி வடிவு" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவளைப் படுத்தி எடுத்தது தோல்தான். கால் இரண்டும் பாளம் பாளமாக வெடித்து, சொறிந்து சொறிந்து கறுத்துப்போயின. திண்டிவனத்தில் மூலிகைக் கடை வைத்திருக்கும் பிரவீன்குமார் ஒரு ஜெல் கொடுத்தான். நெல்லிக்காய், திராட்சை விதை, இன்னும் ஏதேதோ செடிகளின் சாறு.

"ஆன்டிஆக்ஸிடன்ட்டுக்கா. சக்கரை தோல உள்ளேர்ந்து அரிக்குதுல்ல, அதத் தடுக்கும்" என்றான்.

நான் நம்பவில்லை. ஆனால் மாதம் திரும்புவதற்குள் அரிப்பு நின்றது, வெடிப்பு மூடியது, கால் பளபளவென்று ஆகிவிட்டது. எனக்கே குழப்பம். தோல் தேறினால் சர்க்கரையும் தேறியதாகத்தானே அர்த்தம்? அக்கா அப்படித்தான் முடிவு கட்டினாள். சர்க்கரைக்குப் போட்டுவந்த ராத்திரி மாத்திரையை நிறுத்திவிட்டாள்.

அறுப்பு முடிந்து நெல்லைக் காயப்போட்டோம். சிமெண்டுக் களம், உச்சி வெயில். பரப்பிய நெல்லைக் காலால்தான் துழாவிவிடுவோம்; செருப்புக் காலோடு நெல்லில் இறங்குகிற வழக்கம் எங்களிடம் கிடையாது. பாதிக் களம் போவதற்குள் "ஐயோ சாமி" என்று நான் நிழலுக்கு ஓடினேன். அக்கா தன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தாள்.

"யக்கா, சுடல?"

"சுடவே இல்லடி! எல்லாம் அந்த ஜெல்லுதான். போன வருசம்கூட லேசா சுட்டுச்சு. இப்ப பாதம் உரம் ஏறிடுச்சு. நீயும் ஒண்ணு வாங்கியாந்து தடவு. எத்தினி நாளைக்கு இப்டி குதிச்சிக்கினு கெடப்ப?"

எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

சாயங்காலம் வீடு திரும்பியதும், அவள் நடந்த இடமெல்லாம் ஈரத் தடம். கால் கழுவிய தண்ணீர் என்று நினைத்தேன். எதற்கும் காலைத் தூக்கச் சொன்னேன். இரண்டு பாதத்திலும் கொப்புளம். வலது காலில் ஒன்று உடைந்து வழிந்துகொண்டிருந்தது. அவளோ அதன்மேல் ஜெல்லைத் தடவப் போனாள். ஆத்திரம் தாங்காமல் பிடுங்கி எறிந்தேன்.

மறுநாள் விழுப்புரத்தில் டாக்டர் இசைவாணி புண்ணைச் சுத்தம் செய்தார். கட்டைவிரல் பக்கம் ஆழமாக வெந்திருக்கிறதாம். சர்க்கரை ஏகத்துக்கு ஏறியிருந்தது. புண் ஆறாமல் சீழ் வைத்தால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார்.

"ஜெல்லு தடவித் தோலு நல்லாயிடுச்சேம்மா?" என்றாள் அக்கா.

"வறட்சிக்கு அந்த ஜெல் கொஞ்சம் உதவியிருக்கும். மத்தபடி அது என்னென்ன செய்யும்னு இன்னும் ஆராய்ச்சி பண்றாங்க. ஆனா ரத்தத்துல இருக்கற சக்கரைய மேல தடவி எறக்க முடியாதும்மா."

"அப்ப அது நல்லதா கெட்டதா, ஒண்ணு சொல்லுங்க. நல்லதுன்னா ஏன் இப்டி ஆச்சு? கெட்டதுன்னா அரிப்பு எப்டிப் போச்சு?"

எனக்கும் அதே கேள்விதான். டாக்டர், "கண்ண மூடிக்கங்க. நான் தொடுறப்பல்லாம் 'ம்'னு சொல்லுங்க" என்றார். மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்து, புண் இல்லாத இடமாகப் பார்த்துக் குதிகால், நடுப்பாதம், விரல் நுனி என்று அழுத்தினார். இழை வளையும் அளவுக்கு அழுத்தினார். அக்கா கண்ணை இறுக்கிக்கொண்டு கவனமாகக் காத்திருந்தாள். வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. டாக்டர் அடுத்த காலையும் முடித்துவிட்டு இழையை மேசையில் வைத்தார்.

"ஆரம்பிங்கம்மா" என்றாள் அக்கா. "எவ்ளோ நேரம் கண்ண மூடிக்கினே இருக்கறது?"