பெயரைப் போடச் சொன்னவன்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில், கூலிம் பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் கோப்பிக் கடையில் நான் கத்திவிட்டேன். கடைக்காரச் சீனர் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். பக்கத்து மேசையில் ரொட்டி தின்றுகொண்டிருந்த இருவர் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போனார்கள். என் எதிரே உட்கார்ந்திருந்த சேகர் மட்டும் நகரவில்லை. நான் கத்தியதே அவனைப் பார்த்துத்தான்.

சேகர் நான் வாராவாரம் எழுதும் இந்தப் பத்தியின் நிரந்தர வாசகன். லாரிக் கம்பெனி ஒன்றில் வேலை. ஞாயிறு பேப்பர் கைக்கு வந்ததும் வாசகர் கடிதப் பக்கத்தைத்தான் முதலில் பிரிப்பான். நன்றாகப் படிப்பான், நன்றாக வாதாடுவான்... அங்கேதான் வந்தது வினை.

இரண்டு வாரமாக அந்தப் பக்கத்தில் ஒரு சண்டை ஓடுகிறது — நீங்களும் பார்த்திருப்பீர்கள். 'ஒரு தொழிற்சாலைப் பெண், கூலிம்' என்று மட்டும் கையெழுத்திட்டு ஒருத்தி எழுதியிருந்தாள். பினாங்குப் பக்கம் ஷிப்ட் முடித்துத் திரும்பும் பெண்களைக் கம்பெனி பஸ் தோட்டத்துக்குள் கொண்டுவந்து விடுவதில்லை. முச்சந்தியிலேயே இறக்கிவிடுகிறது. அங்கிருந்து ரப்பர் காட்டு வழியே ஒன்றரைக் கட்டை, அதாவது ஒன்றரை மைல் தூரம் நடக்க வேண்டும். கேட்டால் டிரைவர் சிரிக்கிறான். இவ்வளவுதான் கடிதம்.

இதைப் படித்ததும் உங்களுக்கு யார் மேல் கோபம் வரும்? டிரைவர் மேல்தானே?

சேகருக்கு எழுதியவள் மேல் கோபம் வந்தது.

"அண்ணே, இது பொம்பள எழுதுனது இல்லண்ணே. பெக்டரிக்குப் போற பொண்ணு இவ்வளவு கோர்வையா எழுதுமா? எவனோ ஆம்பள, பொம்பள மாதிரி எழுதி வெளையாடுறான்லா. நீங்க உங்க பத்தியில ஒரு வரி போடுங்க. உண்மையான பொண்ணா இருந்தா பேரு, கம்பெனி, எல்லாம் போட்டு எழுதட்டும். அப்பறம் பாருங்க, ஆளு காணாமப் போயிருவான்."

"போட மாட்டேன்."

"ஏண்ணே, பயமா? சும்மா ஒரு விவாதம்தானே."

அப்போதுதான் கத்தினேன். (சேகர் என்பது அவனுடைய உண்மைப் பெயர்தான். பெயரைப் போட வேண்டும் என்பது அவன் கொள்கை. அதனால் போட்டுவிட்டேன்.)

ஏன் அப்படிக் கத்தினேன்? அவன் சொன்னது என்னுடைய வாக்கியம். பன்னிரண்டு, பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் வார்த்தைக்கு வார்த்தை நான் எழுதி, அச்சில் வந்தது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கூலிமில் ஓர் இரும்புக் கடையில் பில் எழுதும் வேலை. மற்றவர்கள் தபால்தலை சேர்த்தார்கள், பூப்பந்து ஆடினார்கள், பேனா நண்பர் பிடித்தார்கள். என் பொழுதுபோக்கு கதை எழுதுவதும் கடிதப் பக்கத்தில் வாதாடுவதும். கதையில் பெயர் வாங்கவில்லை. வாதத்தில் வாங்கினேன். 'கூலிம் கூர்வாள்' என்றால் அன்றைக்கு வடக்கே பினாங்கு, கூலிம் பக்கம் தமிழ் பேப்பர் படித்தவர்களுக்குத் தெரியும்.

அந்தச் சண்டைகளின் சுகத்தை இப்போது சொன்னால் வெட்கமாக இருக்கிறது. நான் ஒரு ஞாயிறு எழுதுவேன். எதிராளி அடுத்த ஞாயிறு எழுதுவான். அதற்கு நான் அதற்கடுத்த ஞாயிறு. ஒரு சண்டை இரண்டு மாதம் தாங்கும். கடைசியில் ஆசிரியர் குறுக்கே புகுந்து, 'இத்துடன் இவ்விவாதம் முடிகிறது' என்று போடுவார். அந்த வரிக்கு மேலே யாருடைய கடிதம் இருக்கிறதோ, அவன் ஜெயித்தான். இது எங்கள் கோப்பிக் கடைச் சட்டம். ஜெயித்தவனுக்கு அன்றைய கோப்பி இலவசம்.

இன்னொரு தில்லுமுல்லும் இருந்தது. பெண் பெயரில் வரும் கதையை ஆசிரியர்கள் சீக்கிரம் போடுவார்கள் என்று எங்களுக்குள் ஒரு பேச்சு. அதனால் எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் பெண்களாக இருந்தோம். நான் குமாரி செல்வராணி. அந்தப் பெயரில் இரண்டு கதைகள் வந்தன. ஈப்போவிலிருந்து எனக்கு ஒரு காதல் கடிதம்கூட வந்தது.

இதன் விளைவு என்ன தெரியுமா? ஒரு பெண் நன்றாக எழுதினால், அவள் ஆண்தான் என்று நாங்கள் முடிவுகட்டினோம். எங்கள் திருட்டுப் புத்தியை வைத்தே ஊரை அளந்தோம்.

அப்படி இருக்கும்போது ஒரு கதை வந்தது. புனைபெயருக்கு முன்னால் செர்டாங் என்று ஊர் போட்டிருந்தது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பாலெடுக்கும் ஒரு பெண்ணைப் பற்றிய கதை. தோட்டத்தில் வேலை ஏவும் தண்டல், தன்னைப் பார்த்துச் சிரிக்காத பெண்களுக்கெல்லாம் மேட்டுக்காட்டு நிரையாகப் பார்த்துக் கொடுக்கிறான். வழுக்குப் பாறையும் அட்டையுமாக இருக்கும் மரவரிசை. அவள் ஏறுகிறாள், வெட்டுகிறாள், பால் வாளியைத் தோளில் சுமந்து இறங்குகிறாள். கடைசி வரை சிரிக்கவில்லை. கதை அங்கே முடிந்துவிடுகிறது.

படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. என்னால் அப்படி ஒரு கதை எழுத முடியாது. அதை ஒப்புக்கொண்டிருக்கலாம். நான் பேனாவை எடுத்தேன்.

'இதில் கற்பனை எங்கே? இது கதையா, புகார்க் கடிதமா?' என்று கேட்டேன். இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. மூன்றே வரி. 'நான் பார்த்ததை எழுதினேன். கற்பனை வேண்டுமென்றால், அந்தத் தண்டல் நல்லவன் என்று கூர்வாள் அவர்கள் கற்பனை செய்துகொள்ளலாம்.' கோப்பிக் கடையே சிரித்தது.

தோற்றவன் என்ன செய்வான்? விஷயத்தை விட்டுவிட்டு ஆளைப் பிடிப்பான். 'இவர் பெண்ணே அல்ல, தோட்டத்தையே பார்க்காத யாரோ ஓர் ஆண். உண்மையான தொழிலாளி என்றால் சொந்தப் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் போட்டு எழுதத் தயாரா? இல்லையேல் பேனாவைக் கீழே வைக்கத் தயாரா?' இதுதான் என் கடிதம். கீழே கையெழுத்து — கூலிம் கூர்வாள். அதைப் பார்த்து எனக்கே சிரிப்பு வரவில்லை என்பதை யோசித்துப் பாருங்கள்.

எனக்கு ஆதரவாக இன்னும் மூன்று பேர் எழுதினார்கள். அலோர்ஸ்டாரிலிருந்து ஒருவர், சுங்கைப்பட்டாணியிலிருந்து இருவர். நால்வருமே புனைபெயர்.

ஒரு மாதம் கழித்து அவள் எழுதினாள். சொந்தப் பெயர். தோட்டத்தின் பெயர். அவள் குடியிருந்த லயத்தின் எண். 'ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள், பால்மரம் வெட்டுகிறேன். இப்போது நம்புவீர்களா?' அதற்குக் கீழே, இத்துடன் இவ்விவாதம் முடிகிறது.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை அச்சானது போதும். மேரி என்று வைத்துக்கொள்வோம்.

தோற்றாலும் நான் பெருந்தன்மைக்காரன் அல்லவா? கெட்டி அட்டை போட்ட ஒரு நோட்டும் நல்ல பேனாவும் வாங்கிக்கொண்டு, அதிலிருந்து மூன்றாவது சனிக்கிழமை பஸ் ஏறி அந்தத் தோட்டத்துக்குப் போனேன். நேரில் பாராட்ட.

வழியில் சைக்கிளில் வந்த ஒருவரிடம் வீட்டைக் கேட்டேன். அவர் மோவாயால் கடைசி லயத்தைக் காட்டிவிட்டு மிதித்துப் போய்விட்டார். அங்கே ஒரு பெண் சட்டி பானைகளைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். சுவரில் மாதா படம் மாட்டியிருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

"நான்தான் கூலிம் கூர்வாள்," என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன், பாவி.

அவள் சாக்கை விட்டு நிமிர்ந்தாள். முக்காலியை எடுத்துப் போட்டாள். கோப்பி கலக்கிக் கொடுத்தாள். அதன் பிறகுதான் பேசினாள்.

"பேப்பரு மொதல்ல பெரிய கிராணி வீட்டுக்குத்தான் போவும். அவரு படிச்சப்பறம்தான் லயத்துக்கு வரும். மறுநா காலையில பெரட்டுல என் பேரக் கூப்புட்டாரு. கதை வந்த பழைய பேப்பரயும் தேடி வச்சிருந்தாரு. 'நீதானாமே, நல்லா எழுதிருக்க, எல்லாருக்கும் படிச்சுக் காட்டு'ன்னாரு."

பெரிய கிராணி தோட்டத்து ஆபீஸின் தலைமைக் கணக்கர். பெரட்டு என்றால், வெளிச்சம் வருமுன்னே ஆள் அத்தனை பேரும் வரிசையில் நின்று பேர் கொடுக்கும் இடம். தோட்டமே அங்கேதான் நிற்கும்.

"படிச்சீங்களா?"

"ஒருத்தரு வெளக்கு புடிச்சாரு. படிச்சேன். தண்டலு எதுத்தாப்புலதான் நின்னாரு. முடிச்சதும் கிராணி சொன்னாரு, 'இதெல்லாம் பொய்யி, நானாக் கட்டுன கற்பனைன்னு சொல்லிரு, போயி மரத்த வெட்டு'ன்னு."

"சொல்லியிருக்கலாமே," என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது அது.

"கற்பனையே இல்லைன்னு நீங்கதானே எழுதுனீங்க?"

அவளுக்கு அன்றைக்கு நிரை கொடுக்கவில்லை. மறுநாளும் கொடுக்கவில்லை. பெயரைக் கூப்பிடுவார்கள், அவள் பதில் சொல்வாள், 'நாளைக்குப் பாப்போம்' என்பார்கள். எல்லோரும் கத்தியும் வாளியுமாகக் காட்டுக்குள் போக, அவள் மட்டும் திடலில் தனியாக நிற்பாள். பதினோரு நாள் இப்படி நின்றாள். பன்னிரண்டாம் நாள் அவள் அண்ணனின் நிரையையும் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். தோட்டத்தில் வேலை இல்லையென்றால் லயத்தில் வீடு இல்லை. இரும்புக் கடையில் உட்கார்ந்து எழுதிய எனக்கு அது தெரியாதா? தெரியும். என் சித்தப்பா லயத்தில்தான் இருந்தார். நினைக்கவில்லை, அவ்வளவுதான். கோப்பிக் கடையில் ஜெயிப்பதுதான் மனசில் இருந்தது.

"ஒங்க பேரு என்னா?" என்று கேட்டாள்.

"கூர்வாள்..."

"அது இல்ல. வூட்ல வச்ச பேரு."

சொன்னேன்.

"இந்தப் பேரு பேப்பர்ல வந்ததே இல்லையே," என்றாள். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் திரும்பி வரும் பஸ்ஸில் தூங்கியிருப்பேன்.

அதற்குள் அவள் அண்ணன் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்து, "யாரு இவரு?" என்றார்.

"கூலிம்லேர்ந்து வந்திருக்காரு. பேப்பரு படிக்கிறவரு. நம்ம சங்கதி கேள்விப்பட்டுப் பாக்க வந்தாரு."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்களாச்சும் வந்தீங்களே. அந்தக் கூர்வாளு எவன்னு தெரியுமா ஒங்களுக்கு? கூலிம்தானாம். அவன ஒருதரம் நேர்ல பாக்கணும் எனக்கு. ஒண்ணும் செய்ய மாட்டேன். மூஞ்சிய மட்டும் பாக்கணும்."

நான் என்ன சொன்னேன்? "தெரியாதுங்க" என்றேன்.

மேரி பக்கத்தில்தான் நின்றாள். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அவள் பெயரைத் தெருவுக்கு இழுத்தவனின் பெயரை அவள் தன் அண்ணனுக்குக்கூடக் கொடுக்கவில்லை. நோட்டையும் பேனாவையும் முக்காலியில் வைத்துவிட்டு எழுந்தேன். மண்சாலையில் பாதி தூரம் வருமுன் ஒரு சிறுமி ஓடிவந்து, "அக்கா குடுக்கச் சொன்னாங்க" என்று இரண்டையும் என் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

அதன் பிறகு அவள் பெயரிலோ, புனைபெயரிலோ எங்கும் ஒரு கதை வரவில்லை. இன்றுவரை தேடுகிறேன். நான் எழுதுவதை நிறுத்தினேனா? கூர்வாள் என்ற பெயரைத் தலைமுழுகிவிட்டு, இந்தப் பத்தியின் தலையில் இருக்கும் புனைபெயரை வைத்துக்கொண்டேன். எனக்குப் பெயரை மாற்றுவது சட்டை மாற்றுவது மாதிரி.

கோப்பிக் கடையில் இதையெல்லாம் சேகரிடம் சொல்லி முடித்தபோது என் கோப்பி ஆறிப் போயிருந்தது. அவன் தன் கோப்பியைக் குடித்து முடித்தான். பிறகு கேட்டான்.

"அவங்க அண்ணனுக்கு இன்னிவரைக்கும் தெரியாதாண்ணே?"

"தெரியாது."

"அப்ப நீங்களும் ஒளிஞ்சிக்கிட்டுத்தானே இருக்கீங்க."

வாதத்தில் கெட்டிக்காரன் என்று சொன்னேன் இல்லையா?

ஆகவே, பெயர் வேண்டும் பெயர் வேண்டும் என்று கேட்கும் வாசகர்களே — அந்தத் தொழிற்சாலைப் பெண்ணை விட்டுவிடுங்கள். அவள் யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும். அந்த பஸ் தோட்டத்துக்குள் போகிறதா இல்லையா என்று மட்டும் கேளுங்கள். முச்சந்தியில் போய் நின்று பாருங்கள். பதில் தெரிந்துகொள்ள அவளுடைய பெயர் தேவையில்லை. அவளுடைய பெயர் தேவைப்படுவது, அவளை வேலையிலிருந்து நிறுத்துகிறவனுக்குத்தான். அவனுக்கு நீங்கள் சம்பளம் வாங்காமல் வேலை செய்கிறீர்கள். நான் செய்தேன், எனக்குத் தெரியும்.

பெயர் கட்டாயம் வேண்டுமென்றால் ஒன்று தருகிறேன்.

மேரியின் அண்ணனுக்கு: கூர்வாளின் முகத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றீர்கள். பார்த்துவிட்டீர்கள் அண்ணே, கையைக்கூடப் பிடித்தீர்கள். என் பெயர் மு. கோவிந்தன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூலிம் பஸ் நிலையத்துக்கு எதிர்க் கோப்பிக் கடையில்தான் இருப்பேன்.