சண்டையோடு உள்ளே வராதே

1

அறுபதுகளின் தொடக்கத்தில் தென்காசிப் பக்கம் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்தேன். சேர்ந்த அன்றே டாக்டரம்மா என்னைப் பிரசவ அறை வாசலில் நிறுத்தி ஒரு சட்டம் சொன்னார்.

"இங்கன வேலை பாக்குதவங்க ஒருத்தருக்கொருத்தர் பேச்சு வார்த்தை இல்லாம உள்ள போகக் கூடாது. சண்டை இருந்தா வாசல்லயே தீத்துக்கிடணும். காணிக்கை வைக்கப் போறவன் முதல்ல சகோதரனோட சமாதானம் ஆகணும்னு ஆண்டவர் சொல்லலியா? நமக்கு இந்த ரூம்தான் பலிபீடம்."

பலமாகத் தலையாட்டினேன். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சாந்தகுணத்தைப் பற்றிப் பாடம் நடத்துகிறவள் நான். எனக்கு யாரோடு சண்டை வரப்போகிறது என்ற நினைப்பு. தங்கபுஷ்பம் அக்காவோடு அதுவரை நான் வேலை பார்த்ததில்லை.

2

அக்கா எங்கள் மூத்த மிட்வைஃப். கைராசிக்காரர். வாயைத் திறந்தால் மட்டும் வார்டே நடுங்கும்.

அந்தக் காலத்தில் ரப்பர் கிளவுஸை ஒருமுறை போட்டுவிட்டுத் தூக்கி எறிய முடியாது. கழுவி, ஓட்டை பார்த்து, சைக்கிள் ட்யூபுக்குப் போடுவதுபோல ஒட்டுப் போட்டு, காயவைத்து, பவுடர் தடவி, ஸ்டெரிலைஸ் செய்து மறுபடியும் போடுவோம். குற்றாலத்தில் சீசன் தொடங்கியிருந்தது. ஒருநாள் அக்காவே கிளவுஸைக் கொடியில் போட்டுவிட்டு மறந்துவிட்டார். சாரல் காற்று அத்தனையையும் அள்ளிச் சேற்றில் போட்டுவிட்டது.

அகப்பட்டவள் நான்.

"ஏட்டி ஜெயா, வேலை பாக்க வந்தியா, வேடிக்கை பாக்க வந்தியா? கோயில்ல முதல் வரிசையில உக்காந்தாப் போதுமா? செய்யுத வேலையில கருத்து வேண்டாமா?"

"அக்கா, காயப்போட்டது நீங்கதான..."

"எதுத்தா பேசுத?"

நோயாளிகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிளவுஸைப் பற்றிச் சொன்னதைக்கூடப் பொறுத்திருப்பேன். முதல் வரிசையைப் பற்றிச் சொன்னதில்தான் உடம்பெல்லாம் எரிந்தது. அன்றோடு அக்காவிடம் பேச்சை நிறுத்தினேன். எது தேவையென்றாலும் ஆயா சொர்ணம் மூலம்தான். "ஆயா, அந்தக்காகிட்டச் சொல்லு, ட்ரே வேணும்னு." அக்கா இரண்டடி தள்ளித்தான் நின்றிருப்பார். அவரும் ஆயாவிடமே பதில் சொல்லுவார். அருவியில் வழுக்கி விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டு வந்தவர்களுக்குத் தையல் போடவே டாக்டரம்மாவுக்கு நேரம் சரியாக இருந்ததால் இது அவர் கண்ணில் படவில்லை.

ஜெபத்தில் மட்டும் குறை வைக்கவில்லை. அக்காவின் மனதைத் திருத்தும்படி தினமும் உருக்கமாகக் கேட்டேன். என் மனதைப் பற்றி விண்ணப்பம் எதுவும் இல்லை.

3

குத்துக்கல்வலசையிலிருந்து மைமூன் என்ற பெண்ணை மாட்டு வண்டியில் கொண்டுவந்தார்கள். இடுப்பு வலி முற்றியிருந்தது. புருஷன் தறி நெய்கிறவர். என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"இதுக்கு முந்தி ரெண்டு புள்ள தங்கலம்மா. இது தங்கணும். அவளும் தங்கணும்."

டாக்டரம்மா கை கழுவிக்கொண்டிருந்தார். நான் பழக்க தோஷத்தில், "ஆயா, அந்தக்காகிட்ட டவல் எடுக்கச் சொல்லு" என்றேன்.

டாக்டரம்மா திரும்பினார். "அவ இங்கனதான நிக்கா? ஆயாகிட்ட எதுக்குச் சொல்லுத?"

ஆயா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவருக்குப் புரிந்துவிட்டது.

"ரெண்டு பேரும் வாசலுக்குப் போங்க. பேசிட்டு வாங்க. சீக்கிரம்!"

வெளியே வந்தோம். மைமூனின் புருஷன் தரையில் உட்கார்ந்து எங்கள் முகத்தையே பார்த்தார். அக்கா சுவரைப் பார்த்தார். அவர் பேசுவார் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. நியாயம் என் பக்கம், நான் எதற்குப் பேச வேண்டும்? உள்ளே மைமூன் அலறினாள்.

"அக்கா, எம்மேல கோவம் இருந்தா விட்ருங்க. உள்ள வாங்க" என்றேன். மனதிலிருந்து வந்த பேச்சில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது.

"சரி, வா" என்றார் அக்கா, என்னை மன்னித்துவிட்டதைப் போல.

பிள்ளை நீலம் பாரித்துப் பிறந்தது. அழவில்லை. அக்கா அதை வாங்கி, ரப்பர் குழாயால் சளியை உறிஞ்சி எடுத்தார். நஞ்சுக்கொடி விழுந்தபிறகும் மைமூனுக்கு ரத்தம் நிற்கவில்லை. டாக்டரம்மா ஊசி போட்டார். நான் அடிவயிற்றை அழுத்தித் தேய்த்தேன். கர்ப்பப்பை இறுகினால்தான் ரத்தம் நிற்கும். அதுவோ தொளதொளவென்று கிடந்தது. என் கை மரத்துப்போயிற்று.

"அக்கா, நிக்க மாட்டேங்குதே!" என்று கத்திவிட்டேன்.

அக்கா பிள்ளையின் முதுகைத் தேய்த்தபடியே, "பதறாதட்டி. கையை மட்டும் எடுக்காத. நான் இருக்கேம்லா" என்றார்.

பிள்ளை வீரிட்டு அழுதது. அதை ஆயாவிடம் கொடுத்துவிட்டு வந்து, அக்கா என் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினார். கொஞ்சம் கொஞ்சமாகக் கர்ப்பப்பை இறுகித் தேங்காய் போலத் திரண்டது. ரத்தம் நின்றது. டாக்டரம்மா "ஸ்தோத்திரம்" என்று சொல்லி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

வெளியே போய், "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க அண்ணாச்சி" என்றேன். அந்த மனிதர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

4

அக்கா என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் போன அன்றும் கேட்கவில்லை. ஆனால் மைமூனின் பிரசவம் முடிந்து கை கழுவும்போது என் கோபத்தைத் தேடிப் பார்த்தேன். காணவில்லை. அப்பாடா என்றிருந்தது. அத்தனை நாள் அதைச் சுமந்ததில்தான் என் முதுகு வலித்திருக்கிறது போல.

இப்போது வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்லுவது இதுதான். கிறிஸ்துவின் குணம் முதலில் மனதில் ஊற வேண்டும், பிறகுதான் வாயில் வர வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். எனக்கு வாய்தான் முன்னால் போனது, அதுவும் வேண்டாவெறுப்பாக. மனம் பின்னாலேயே வந்து சேர்ந்துகொண்டது. அது முதலில் வரட்டும் என்று நான் நின்றிருந்தால், மைமூனின் புருஷனுக்கு என்ன பதில் சொல்லியிருப்பேன்?