குட்டி லோரிக்கு எலுமிச்சம்பழம்

உங்கள் வீட்டில் வண்டிக்குப் பூஜை போடுவது யார்? எங்கள் வீட்டில் என் கணவர். கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவர். சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்காமல் எங்கள் வீட்டுப் பக்கத்துக் காஜா பேராங் முச்சந்தியைக்கூடத் தாண்ட மாட்டார். அந்தப் பக்தியால் போன ஞாயிற்றுக்கிழமை ஒரு லோரி செத்துப்போனது.

பயப்படாதீர்கள், அவருடையது இல்லை. என் மகள் கௌரியும் நானும் பள்ளி விடுமுறை முழுக்க உட்கார்ந்து உயிர் கொடுத்த பொம்மை லோரி.

பழைய பேப்பர் வாங்க வருகிறவரின் வண்டியில்தான் கௌரி அதைப் பார்த்தாள். ரிமோட்டில் ஓடுவது. பெரிய பெரிய டயர், மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்குகிற வகை. ஒரு கட்டுப் பத்திரிகையைக் கொடுத்து அதை வாங்கினோம். அந்தக் கட்டில் இந்தப் பத்தி வெளிவந்த இதழ்களும் இருந்தன. என் எழுத்துக்கு இதுவரை கிடைத்த உருப்படியான விலை அதுதான்!

வீட்டில் திறந்து பார்த்தால்... பேட்டரி கசிந்து பச்சைக் களிம்பு. கியரில் பல் போயிருந்தது. எலி வேறு ஒயரைக் கடித்து வைத்திருந்தது. தூக்கி வீசிவிடலாம் என்றேன். கௌரி விடவில்லை.

"ஃபேக்டரியில சோல்டரிங் செஞ்சேன்னு சொல்வீங்களேம்மா... சும்மாவா?"

கல்யாணத்துக்கு முன் புக்கிட் ரம்பாய் பக்கம் ஒரு ஃபேக்டரியில் ரேடியோவுக்கு ஈயம் வைத்தவள் நான். ரோஷம் வராதா?

பிறகு சமையல் மேசை பட்டறையாகிவிட்டது. பழைய டூத் பிரஷ்ஷால் களிம்பைத் தேய்த்தோம். பண்டார் ஹிலிரில் ஒரு பொம்மைக் கடையில் கியர் கிடைத்தது. நான் அவசரக்காரி, அவள் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினால் அதைப் பத்திரப்படுத்திவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவாள். சண்டை வராத நாளே இல்லை. கடைசி ஒயரை — ரிமோட் சொல்வதைக் கேட்கிற சின்ன போர்டில் சேர வேண்டியதை — தானே ஒட்டுவேன் என்றாள். ஈயம் ஜவ்வரிசி மாதிரி உருண்டு நின்றது. அழகில்லை. ஆனால் கெட்டியாகப் பிடித்தது.

மேசை மேல் தூக்கிப் பிடித்தபோது சக்கரம் சுழன்றது. தரையில் விடலாமே என்றேன். அப்பா பார்க்காமல் விடக் கூடாது என்று சொல்லிவிட்டாள். அவர் வீட்டில் இருப்பது வாரத்தில் ஒரு நாள்.

அந்த ஞாயிறு வந்தது. சுதந்திர தினம் வருகிற மெர்டேக்கா மாதம் அல்லவா? குட்டி லோரியின் ஏரியலில் ஒரு காகிதக் கொடி. கார் போர்ச்சில் வைத்து, தான் ஒட்டியதை அப்பாவுக்குக் காட்ட மேல்மூடியைக் கழற்றினாள். சுவிட்சைப் போட்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் குனிந்து பார்த்துவிட்டு உள்ளே போனார். கண்ணாடி எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

கற்பூரத் தட்டு, எலுமிச்சம்பழம், செம்பு நிறைய மஞ்சள் தண்ணீர், மாவிலையோடு வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் தெளித்தும் விட்டார். கஞ்சத்தனமாக இல்லை... பெரிய லோரிக்குத் தெளிக்கிற அளவுக்கு.

'டிக்' என்றது. விளக்கு அணைந்தது.

கௌரி அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க ஆறு மணிக்குப் பினாங்கு கெளம்பிடுவீங்கப்பா" என்றாள். அவ்வளவுதான்.

அவர் செம்பும் கையுமாக நின்றார். "லோரி மழையில நனையுது, இதுவும் தாங்கும்னு நெனச்சேன்" என்றார். எனக்கு வந்த கோபத்தை விழுங்கினேன்.

உடனே பேட்டரியை உருவினேன். ஃபேக்டரியில் ஈரம் பட்ட போர்டை, ஈரத்தையும் இழுத்துக்கொண்டு ஆவியாகிவிடுகிற ஸ்பிரிட்டால் கழுவுவோம். பாட்டிலை எடுத்ததும், ஈரம் பட்டதுக்கு மறுபடியும் ஈரமா என்று கேட்டார். ஒரு பார்வை பார்த்தேன். டூத் பிரஷ்ஷை எடுத்து நீட்டினார்.

பிறகு ஹேர் டிரையர். அதைப் பிடித்தது அவர்தான். தேநீர் ஆறிப்போனது, கையை மாற்றவில்லை. ரொம்ப சூடு வைக்காதீர்கள், என் ஈயம் உருகிவிடும் என்று கௌரி அதட்டினாள். டிரையர் சூட்டில் ஈயம் உருகாது. நான் சொல்லவில்லை. அவருக்கும் அந்த அதட்டல் தேவைப்பட்டது.

ஆறு மணி வந்தது, போனது. அவர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

பேட்டரியைப் போட்டு, கௌரி சுவிட்சைத் தட்டினாள். சிவப்பு விளக்கு! என் வயிற்றில் பாலை வார்த்தது. அவள் வைத்த ஈயமும் அசையவில்லை.

ஆனால் எலுமிச்சம்பழம்? கௌரி மேல்மூடியை மாட்டியதும், அவர் பழத்தைச் சக்கரத்தின் முன்னால் வைத்தார். குட்டி லோரி முட்டியதும் பழம் உருண்டு சாக்கடையில் விழுந்தது. அவர் முகம் சுருங்கியது. பழம் நசுங்காமல் வண்டி கிளம்பலாமா?

"அது உங்க லோரி சைஸ்ப்பா" என்றாள் கௌரி. தொட்டிச் செடியிலிருந்து ஒரு லீமாவ் கஸ்தூரியைப் பறித்து வந்து சக்கரத்தின் கீழ் வைத்தாள். கோலிக்குண்டு அளவு குட்டி எலுமிச்சை. 'பிசுக்' என்றது. குட்டி லோரி அதை நசுக்கி, செருப்புகள் மேல் ஏறி, புல்லில் பாய்ந்தது. பின்னாலேயே கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு என் கணவர் ஓடினார். கௌரி ஓடவில்லை. ரிமோட்டைப் பிடித்தபடி அப்பாவையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது போதும்.

தாமதமாகத்தான் கிளம்பினார். தன் லோரிக்குத் தண்ணீர் தெளிக்கச் செம்பைத் தூக்கியவர், ஒரு நிமிஷம் நின்று, எல்லா மூடியும் மூடியிருக்கிறதா என்று லோரியைச் சுற்றி வந்து பார்த்தார்.

ஆசீர்வாதம் தாராளமாகச் செய்யுங்கள்... மூடியை மட்டும் முதலில் மூடிவிடுங்கள்!