டிகிரி சர்டிபிகேட்டின் முதுகை உரித்த நாள்

ஜூன் 12, வியாழக்கிழமை. எட்டரைக்கு ஆபீஸைத் திறந்தேன். ஸ்கேனர் கண்ணாடியைத் துடைத்தேன். மெயில் பார்த்தேன், விசா மையத்திலிருந்து ஒன்றும் இல்லை. டீ வந்தது. அன்றைய ஃபைல்களைத் தேதிவாரியாக அடுக்கினேன். மேலே இருந்தது சௌமியாவின் ஃபைல்.

சங்ககிரியில், ஸ்டிக்கர் கடைகளுக்கும் டயர் கடைகளுக்கும் நடுவில், வெளிநாட்டில் படிக்கப் போகும் பிள்ளைகளுக்குப் பேப்பர் வேலை செய்து கொடுப்பது என் தொழில். சௌமியாவுக்கு இத்தாலியில் உணவுத் தொழில்நுட்பம் படிக்க இடம் கிடைத்திருந்தது. அவளுடைய டிகிரி ஒரிஜினலின் பின்பக்கத்தில் சென்னை அரசு அலுவலகத்தில் முத்திரை வாங்க வேண்டும். அதற்கான அப்பாயிண்ட்மென்ட் மறுநாள், வெள்ளிக்கிழமை. அதைத் தவறவிட்டால் விசா தேதியும் தவறும், படிப்பு ஒரு வருடம் தள்ளிப்போகும்.

பத்து மணிக்கு அவளும் அவள் அப்பா பழனிசாமியும் வந்தார்கள். அவருக்கு இரண்டு லாரி ஓடுகிறது. முன்பு அவரே டிரைவர். பையிலிருந்து சர்டிபிகேட்டை எடுத்து மேஜையில் வைத்தார். தட்டு வைத்த மாதிரி சத்தம் வந்தது.

இரண்டு பக்கமும் கனமான லேமினேஷன். விரலால் தட்டிக் காட்டினார். முந்தின நாள் சாயங்காலம், பொண்ணு கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் போட்டுக்கொண்டு வந்தாராம். சௌமியாவே அப்போதுதான் பார்க்கிறாள்.

"ஏனுங்க மேடம், ஒரிஜினலைப் பத்திரமா வெய்யுங்கன்னு நீங்கதானுங்களே எழுதிக் குடுத்தீங்க?" என்றார்.

ஃபைல் திறக்கும்போது கொடுக்கும் பட்டியலில் எழுதித்தான் கொடுத்திருந்தேன்.

லாரிக்காரர்களுக்கு இது புதிதில்லை. கேபினுக்குள் போகிற காகிதம் எதுவானாலும் லேமினேஷன் போட்டுத்தான் போகும். பழனிசாமி டிரைவராக இருந்தபோது ஒருமுறை குஜராத் மழையில் கேபின் ஒழுகி, பெர்மிட் கரைந்து, செக்போஸ்டில் வண்டியை நிறுத்திவிட்டார்களாம். அன்றிலிருந்து ஊட்டில் ஒரு காகிதத்தையும் அவர் சும்மா விடுவதில்லை என்று சௌமியா பிறகு சொன்னாள்.

லேமினேஷன் மேல் முத்திரை ஏறாது, கையெழுத்து நிற்காது, வாங்கவே மாட்டார்கள் என்று விளக்கினேன். டூப்ளிகேட் வாங்க மாதக்கணக்கில் ஆகும் என்பதையும் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. லேமினேஷன் கடைக்காரருக்கு போன் போட்டோம். இருக்கிறதிலேயே கனமான ஷீட் போட்டிருப்பதாகவும், யாராலும் உரிக்க முடியாது என்றும் பெருமையாகச் சொன்னார். எங்களுக்கு ஆறுதல் சொல்வதாகவே அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

பழனிசாமி எதிரே இருந்த ஸ்டிக்கர் கடைக்குப் போய், சூடான காற்றை ஊதி லாரிக் கண்ணாடி ஸ்டிக்கரை உரிக்கும் ஹாட் ஏர் கன்னை இரவல் வாங்கி வந்தார். ஒரிஜினலை அதன் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது, முதலில் வேறு எதிலாவது உரித்துப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். அதற்குப் பஞ்சமில்லை. அவர் ஊட்டுக்கு போன் பண்ண, அரை மணியில் அவர் மனைவி சரோஜா ஒரு கட்டைப் பை நிறைய லேமினேஷன்களோடு வந்து இறங்கினார்.

முதலில் எடுத்தது டீசல் பில். லேமினேஷன் போட்ட சூட்டிலேயே முழுக்கக் கறுத்துப்போயிருந்தது. அதில் உரித்துப் பார்க்க ஒன்றுமில்லை. அடுத்து வந்தது அவர்களுடைய கல்யாணப் பத்திரிகை. பழனிசாமி தயங்கினார். சரோஜாதான் உரிக்கச் சொன்னார். சூடு காட்டி முன்பக்க ஷீட்டை இழுத்தேன். மாப்பிள்ளை பெயர் காகிதத்திலேயே நின்றது. மணப்பெண் பெயர் மொத்தமாக ஷீட்டோடு வந்துவிட்டது.

சரோஜா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இத்தன வருசம் ஒட்டியிருந்தேன். இப்பத்தானுங்க உட்டுப் போறேன்" என்றார்.

சௌமியா சிரித்துவிட்டாள். சிரித்தவள் அப்படியே அழ ஆரம்பித்தாள். பெயரே போகிறதென்றால் டிகிரியில் அவள் பெயரும் போகும். ஹாட் ஏர் கன்னை அணைத்தேன். சரோஜா பத்திரிகையைத் திருப்பி, எழுத்தில்லாத பின்பக்க ஷீட்டின் மூலையை நகத்தால் நெம்பினார். சூடு ஆறாததால் அது சுத்தமாக உரிந்து வந்தது.

"முத்திர எந்தப் பக்கம் போடுவாங்க மேடம்?"

"பின்னாடிங்க."

"அப்பறம் எதுக்குங்க மூஞ்சிய உரிச்சிட்டு இருக்கறீங்க?"

சென்னையில் எங்களுக்கு உதவும் ஏஜென்டைக் கேட்டேன். ஒரு பக்கம் மட்டும் உரித்துக்கொண்டு இதுவரை யாரும் வந்ததில்லை, ஆபீசர் மனசு வைத்தால் உண்டு என்றார். உரித்தாலும் பயம், உரிக்காவிட்டால் வழியே இல்லை. பழனிசாமி கன்னை எடுத்தார். சுவிட்சைப் போட்டார், உடனே அணைத்தார்.

"குடுங்கப்பா. என் சர்டிபிகேட்டு, நானே உரிக்கறேன்" என்றாள் சௌமியா.

அவரால் நின்று பார்க்க முடியவில்லை. வெளியே போய், யாருடையதோ ஒரு லாரியின் டயர்களைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபேனை நிறுத்தினேன். ஓரங்களை பிளேடால் கீறிக் கொடுத்தேன். அவள் தூரத்திலிருந்து சூடு காட்டி, மூலையிலிருந்து அங்குலம் அங்குலமாக இழுத்தாள். பின்பக்கம் கொஞ்சம் சொரசொரப்பாகிவிட்டது, ஆனால் கிழியவில்லை. முன்பக்கத்தில் ஒரு எழுத்தும் அசையவில்லை. சாயங்காலம் அப்பாவும் மகளும் சேலம் போய் ரயில் ஏறினார்கள்.

வெள்ளிக்கிழமை முழுக்க வேறு ஃபைல் எதிலும் எனக்குக் கை ஓடவில்லை. மதியச் சாப்பாட்டை மூடியே வைத்திருந்தேன். இரண்டு மணிக்கு மேல் சௌமியா கூப்பிட்டாள். ஆபீசர் சர்டிபிகேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதென்னம்மா, ஒரு பக்கம் மட்டும் சட்டை போட்டிருக்கு?" என்று கேட்டாராம். அவள் பதில் யோசிப்பதற்குள் பின்னாலிருந்து அப்பா, "மழைக்குங்க" என்றாராம். ஆபீசர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு முத்திரையைக் குத்திவிட்டார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பத்திரமாக வைக்கவும் என்று மட்டும் எழுதாதீர்கள். ஒவ்வொரு ஊட்டுக்கும் பத்திரம் வேறு. என்ன செய்யக் கூடாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

சனிக்கிழமை காலை, ஸ்கேனரைத் துடைப்பதற்கு முன்பே, என்னிடம் ஃபைல் கொடுத்திருந்த இன்னொரு லாரி ஓனருக்கு போன் செய்தேன். பையனின் சர்டிபிகேட் எதற்கும் லேமினேஷன் போட்டுவிடாதீர்கள் என்றேன். அந்தப் பக்கம் பீரோ திறக்கிற சத்தம் கேட்டது.

"ஏனுங்க மேடம்," என்றார் பிறகு, "பாஸ்போர்ட்டுக்குமுங்களா?"