நகமும் பல்லும் உள்ள உடம்பு

மருத்துவமனைப் பிணவறையில் இருபத்தாறு வருடமாக வேலை பார்த்தவருக்குச் சக ஊழியர்கள் வைத்த பெயர் ஐஸ்பெட்டி. அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பார். கேண்டீனில் அவர் உட்கார்ந்த மேசைக்கு வேறு யாரும் வர மாட்டார்கள்.

கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு வருடம் தவறாமல் போவார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தூங்குவார். அந்த வருடம் மின்விசிறி ஓடவில்லை, தூக்கம் வரவில்லை. கடவுள் நம்மைப் போலவே உடம்பெடுத்து வந்தார் என்று போதகர் சொன்னது காதில் விழுந்தது. சிறு வயதிலிருந்து கேட்ட பேச்சுதான். அன்றைக்கு அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. உடம்பு என்றால் என்னவென்று அந்தக் கூட்டத்தில் அவரைவிடத் தெரிந்தவர் யாருமில்லை.

எல்லோரும் கைகுலுக்கிவிட்டுப் போகும்வரை காத்திருந்தார்.

"ஐயா, உடம்புன்னு சொன்னீங்களே, பேச்சுக்கா, இல்ல நிஜமாவேவா?"

"நிஜமாத்தாங்க."

"நகம், பல்லு, குடலு?"

"எல்லாம்தான்."

"அப்ப செத்தா வெறைச்சுப் போகும்."

அவர் பார்க்கும் வேலை போதகருக்குத் தெரியும். "ஆமாங்க. செத்தாரே. உங்கள மாதிரி யாரோதான் இறக்கி, துணி சுத்தி வச்சாங்க."

ஐஸ்பெட்டி எப்படி வீடு வந்து சேர்ந்தாரோ தெரியாது. செருப்பைச் சர்ச் வாசலிலேயே விட்டு வந்ததை மனைவிதான் கவனித்தாள்.

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?"

"அவருக்கு என்ன தலையெழுத்து? இருந்த எடத்துலயே இருந்திருக்கலாம்ல. நான் தினம் பாக்குறேன். இதையா போய் எடுத்துக்கிட்டாரு?"

அவள் தட்டு எடுத்து வைத்தாள். சாப்பாட்டைத் தொடாமலே அவர் எழுந்துவிட்டார்.

மறுநாள் காலை தேடி ஆள் வராத ஒரு முதியவரின் உடல் வந்தது. அப்படிப்பட்டவர்கள்மேல் ரப்பர் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பதுதான் வழக்கம். குழாயைக் கையில் எடுத்தவர் மறுபடி ஆணியில் மாட்டிவிட்டார். வாளியில் தண்ணீர் சுட வைத்து, விரலிடுக்குகளைத் துணியால் துடைத்தார்.

"கொஞ்சம் புரட்டுறேன், பெரியவரே."

உள்ளே வந்த டாக்டர் நின்றுவிட்டார். "செத்தவருக்கு எதுக்குங்க சுடுதண்ணி?"

"தெரியலீங்க, டாக்டர். பச்சத்தண்ணிய ஊத்தக் கை வரல."

டாக்டர் வாளியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

ஓய்வு பெறும்வரை அந்தக் குழாய் ஆணியிலேயே தொங்கியது. டிசம்பர் பிறந்தால் மற்றவர்கள் வண்ண விளக்குத் தொங்கவிட ஏணி தேடுவார்கள். அவர் மட்டும், "இதையா போய் எடுத்துக்கிட்டாரு?" என்று முனகிக்கொண்டே வாளியில் தண்ணீர் சுட வைப்பார்.