முத்தையா அண்ணனின் மகளுக்கு நான் போட்ட லெமினேட்

போன ஞாயிற்றுக்கிழமை மகளின் விளையாட்டுச் சட்டையை நானே அயன் பண்ணித் தருகிறேன் என்று வீரம் பேசிவிட்டேன். முதுகில் பிளாஸ்டிக்கால் ஒட்டியிருந்த இலக்கம் உருகி, அயன்பெட்டியோடு எழுந்து வந்துவிட்டது. வாடையைப் பிடித்துக்கொண்டு மனைவி ஓடி வந்தபோது, நான் பெட்டியை உயர்த்திப் பிடித்தபடி கண்ணை மூடி மோந்துகொண்டிருந்தேன்.

"சட்ட தீயுறது தெரியலயா? சாம்பிராணி மாதிரி மோந்துகிட்டு நிக்கிறீங்க?"

அவளுக்கு எப்படிச் சொல்வது? சூடுபட்ட பிளாஸ்டிக்கின் அந்த வாடைக்குள்தான் என் இருபத்திரண்டு, இருபத்துமூன்று, இருபத்துநாலு வயதுகள் மூன்றும் கிடக்கின்றன.

தொண்ணூறுகளின் கடைசி. மலையகத்து ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு மாடிப்படியின் அடியில் எங்கள் கடை இருந்தது. அப்போது ஊருக்கு ஊர் முளைத்த 'கொமினிகேஷன்' கடைகளில் ஒன்று. வெளிநாட்டுக்கு டெலிபோன் கோல் எடுக்கலாம், ஃபேக்ஸ் அனுப்பலாம், போட்டோ கொப்பி அடிக்கலாம். மேல்மாடியில் கம்பியூட்டர் வகுப்பு. பலகையில் கடைப் பெயருக்குப் பின்னால் 'இன்டர்நெஷனல்' என்று ஒரு வால். எங்கள் முதலாளியோ அதுவரை கொழும்பைத் தாண்டிப் போனதில்லை. கேட்டால், "ஃபேக்ஸ் போகுதுல்ல? அப்ப நாமளும் இன்டர்நெஷனல்தான்" என்பார்.

நான் பல்கலைக்கழகம் போவதற்கு எழுதும் ஏ.எல். பரீட்சையில் மூன்று பாடங்களிலும் ஒற்றுமையாகத் தோற்றவன். அந்தத் தகுதிக்குக் கடையில் 'மனேஜர்' பதவி கிடைத்தது. மனேஜர்தான் கடையைக் கூட்டுவார், மனேஜர்தான் முதலாளிக்குத் தேத்தண்ணீர் வாங்கிவருவார், மேலே கம்பியூட்டர் வாத்தியார் வராத நாட்களில் மனேஜர்தான் கம்பியூட்டரும் படிப்பிப்பார். பதினான்கு பிள்ளைகளுக்கு ஒரேயொரு கம்பியூட்டர். மற்றப் பதின்மூன்று பேருக்கும் மட்டையில் கீபோர்ட் வரைந்து கொடுத்திருந்தோம். மட்டையில் தட்டினால் எழுத்து எங்கே விழும் என்று யாரும் கேட்டதில்லை. எல்லோரும் பயபக்தியோடு தட்டினார்கள். அந்த மட்டைகளில் ஒன்றை வரைந்தவனும் நான்தான். அதில் ஒரு எழுத்தை விட்டுவிட்டேன் என்பது மூன்று மாதம் கழித்துத்தான் தெரியவந்தது.

அது தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் படிப்பைப் பற்றி நினைக்கிற விதமே மாறிக்கொண்டிருந்த காலம். அதுவரை படிப்பென்றால் எங்கள் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான்: பாஸ் பண்ணினால் வாத்தியார் வேலை, பண்ணாவிட்டால் கொழும்பில் கடைச் சிப்பந்தி வேலை. திடீரென்று பத்திரிகை விளம்பரங்களில் டுபாய் என்றான், மாலைதீவு என்றான், கம்பியூட்டர் தெரியுமா, இங்கிலீஷ் பேசுவாயா என்றான். கொழுந்து பறித்த கையோடு அம்மாமார் குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போய், அங்கிருந்து அனுப்பிய காசில் பிள்ளைகள் எங்கள் மட்டையில் தட்டிப் படித்தார்கள். இதற்கெல்லாம் உலகமயமாக்கல் என்று பெயர் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். அப்போது தெரிந்திருந்தால் அதையும் பலகையில் எழுதியிருப்போம்.

அந்தச் சமயத்தில்தான் முதலாளி லெமினேட் மெஷினைக் கொண்டுவந்து இறக்கினார். பேக்கரிப் பாணின் நீளம், பாணின் சூடு. காகிதத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து ஒரு பக்கம் விட்டால், மறுபக்கம் கண்ணாடி மாதிரி மினுங்கிக்கொண்டு வரும். ஹட்டனே மயங்கிப்போனது. நீங்கள் சிரிக்கக்கூடாது, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் ஒரு காகிதத்தைக் காப்பாற்றுவது எவ்வளவு பெரிய பாடு என்று அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். ஒற்றை அறை. அதற்குள்ளேயே அடுப்புப் புகை. கூரைத் தகரத்தில் ஒழுக்கு. எஞ்சியதைப் பனி பூஞ்சணமாக்கும், பூஞ்சணத்துக்குத் தப்பியதை எலி தின்னும். பிறப்புச் சான்றிதழுக்கு மஞ்சள் பிடித்து அரித்துப்போய், பிறந்ததற்கே சாட்சி இல்லாமல் அலைந்தவர்களை எனக்குத் தெரியும். அதனால் சனம் பெட்டியின் அடியிலிருந்து எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வந்தது. பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பதிவு, பிரஜாவுரிமைக் கடதாசி, பரீட்சைப் பெறுபேறு. ஒருவர் காலண்டர் முருகனைக்கூடக் கொண்டுவந்தார்.

ஒரேயொருவர் மட்டும் சிக்கவில்லை. பக்கத்துப் பாடசாலையில் இங்கிலீஷ் படிப்பித்த யாழ்ப்பாணத்து மாஸ்டர். தன்னுடைய சான்றிதழ்களை ஒரு ஷொப்பிங் பேக்கில் சுற்றிக் கக்கத்திலேயே வைத்திருப்பார். யுத்தத்தில் இடம்பெயர்ந்து வந்தபோது வீட்டிலிருந்து அவர் எடுத்துவந்தது அது ஒன்றைத்தான். "போட்டுத் தாறேன் சேர், காலத்துக்கும் கிடக்கும்" என்று ஒருநாள் வளைத்துப் பிடித்தேன்.

"வேண்டாம் தம்பி. இதுக்குப் பின்பக்கத்தில ஆரும் சீல் குத்த வேண்டி வந்தால், உம்மட பிளாஸ்டிக்கில குத்தேலுமோ?"

அவர் போனதும் முதலாளியிடம், "வாத்தி செலவுக்குப் பயந்து சாக்கு சொல்லுது" என்று சிரித்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில் கவ்வாத்து வெட்டுபவர் முத்தையா அண்ணன். அதாவது, வளர்ந்த தேயிலைச் செடியைக் கத்தியால் இடுப்பளவுக்குத் தறிக்கிற வேலை. கை இரண்டும் காய்த்துப் பலகை மாதிரி இருக்கும். அவருடைய ஒரே மகள் வசந்தமலர். அந்த லயத்தில், பதினோராம் வகுப்பில் எழுதும் ஓ.எல். பரீட்சையில் எல்லாப் பாடமும் பாஸ் பண்ணிய முதல் பிள்ளை. அதைக் கொண்டாட அம்மா ஊரில் இல்லை. சரோஜாக்கா நாலு வருடமாகக் குவைத்தில், ஒரு வீட்டில் வேலைக்கு.

பெறுபேற்றுச் சான்றிதழை முத்தையா அண்ணன் முதலில் சாமி படத்தடியில் வைத்துக் கும்பிட்டு, அதன் மூலையில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்திருந்தார். அப்படியே என்னிடம் கொண்டுவந்தார். கடை வாசலில் கையைக் கழுவிவிட்டுத்தான் எடுத்துத் தந்தார்.

"தம்பி, நல்ல தடிப்பா போடுங்க. செவுத்துல மாட்டணும்."

நான் இருப்பதிலேயே தடிப்பான உறையைத் தேர்ந்தெடுத்தேன். அதோடு விட்டேனா? காகிதத்தின் ஓரம் கொஞ்சம் பிசிறாக இருந்தது. அழகு பார்த்து அதையும் வெட்டிவிட்டேன். பொட்டு உள்ளேயே இருந்து பளபளத்தது. முத்தையா அண்ணன் அதைத் தூரப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார். "சாமிக்கே கண்ணாடி போட்டாப்புல இருக்கு" என்றார். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அடுத்த ஒன்றரை வருடத்தில் வசந்தமலர் எங்கள் மாடியில் படித்து, மட்டையிலேயே என்னைவிட வேகமாகத் தட்டப் பழகி, யாழ்ப்பாணத்து மாஸ்டரிடம் இங்கிலீஷும் பிடித்துக்கொண்டாள். கொழும்பில் ஒரு ஏஜென்சியின் நேர்முகப் பரீட்சையில் தேறினாள். டுபாயில் சரக்கு அனுப்பும் கம்பனியில் டைப்பிங் வேலை. முத்தையா அண்ணன் சந்தையில் பார்ப்பவர்களிடமெல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டு திரிந்தார்: "வீட்டு வேலக்கி இல்லங்க. மேச வேல." மகள் போய்ச் சேர்ந்ததும் மனைவியைத் திரும்ப அழைத்துக்கொள்வது என்பது அவருடைய கணக்கு.

ஒரு திங்கட்கிழமை அப்பாவும் மகளும் கடைக்குள் வந்தார்கள். வசந்தமலரின் முகம் அழுது வீங்கியிருந்தது. சான்றிதழின் பின்பக்கத்தில் அரசாங்க முத்திரை குத்தினால்தான் டுபாயில் எடுப்பார்களாம். முத்திரை குத்தும் கந்தோரில் பிளாஸ்டிக்கைப் பார்த்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் ஏஜென்சியில் கொடுக்காவிட்டால், வேலை பட்டியலில் அடுத்திருக்கும் ஆளுக்கு.

ஒரு வசவுக்காகத் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். முத்தையா அண்ணன் சான்றிதழை மேசையில் மெதுவாக வைத்தார்.

"தம்பி, நீங்க போட்டதுதானே. நீங்களே கழட்டிக் குடுத்துருங்க."

சட்டையைக் கழற்றுவது மாதிரி சொன்னார். அவர் திட்டியிருந்தால் எனக்கு ஒரு வேளைச் சோறாவது இறங்கியிருக்கும்.

நேரடியாக அவளுடையதில் கைவைக்கத் தைரியம் வரவில்லை. சோதனைக்கு ஒரு சான்றிதழ் வேண்டும். கெட்டுப்போனாலும் உலகத்தில் ஒருத்தரும் கேட்காத சான்றிதழாக இருக்கவேண்டும். அப்படிப்பட்டது என்னிடம் ஒன்று இருந்தது. என் ஏ.எல். பெறுபேறு. அதையும் நான் ஆசைப்பட்டு லெமினேட் பண்ணி வைத்திருந்தேன், மூன்று தோல்வியும் நிறம் மங்காமல் இருப்பதற்காக. கேத்தில் ஆவியில் பிடித்தேன். அயன்பெட்டியால் தேய்த்தேன். வாசலில் நின்ற த்ரீவீல் ஆட்டோவில் பெட்ரோல் வாங்கித் தடவினேன். கடைசியில் பிளேட்டை விட்டு ஒரு மூலையைக் கிளப்பி இழுத்தபோது, பிளாஸ்டிக் வந்தது. அதோடு என் பெயரும் வந்தது. காகிதத்தில் வெறும் பஞ்சுதான் மிச்சம்.

வசந்தமலர் அதைப் பார்த்தாள். "அண்ணே, என்னோடது வேணாம்ணே" என்று தன்னுடையதை நெஞ்சோடு சேர்த்து எடுத்துக்கொண்டாள்.

மாஸ்டரிடம் ஓடினேன். "நான் அப்பவே சொன்னனான்" என்று அவர் சொல்லவில்லை. சொல்ல உரிமை இருந்தும் சொல்லாத மனிதர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, புதுப் பிரதி கேட்டு இங்கிலீஷில் ஒரு விண்ணப்பம் எழுதித் தந்தார். "தபாலில போட்டால் மாசக்கணக்காகும். நேர போய் நில்லுங்கோ. நீரும் போம்" என்றார் என்னைப் பார்த்து.

மறுநாள் முதல் பஸ்ஸில் மூவரும் கொழும்புக்குப் போனோம். பரீட்சைக் கந்தோரில் கவுண்டருக்குப் பின்னால் ஒரு சிங்களப் பெண்மணி. விண்ணப்பத்தை வாசித்துவிட்டு, இரண்டு கிழமையாகும் என்றார். முத்தையா அண்ணன் சான்றிதழை எடுத்து அவர் முன்னால் வைத்தார். நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில், "மம தமய் நோனா மே வெடே கலே" என்று குற்றத்தை ஒப்புக்கொண்டேன். இந்த வேலையைச் செய்தவன் நான்தான் என்று. அந்த அம்மா என்னை ஏறஇறங்கப் பார்த்தார். பிறகு பிளாஸ்டிக்குக்குள் இருந்த பொட்டை விரலால் தொட்டு, இது என்ன என்று கேட்டார்.

"தெய்யங்கே, நோனா" என்றார் முத்தையா அண்ணன். சாமியுடையது.

அந்த அம்மா முத்தையா அண்ணனின் கைகளைப் பார்த்தார். விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்து, "ஹெட்ட என்ன" என்றார். நாளைக்கு வாருங்கள். நாளைக்கு என்றால் நாளைக்கேதான். புதன்கிழமை பத்து மணிக்குப் புதுச் சான்றிதழ் வந்தது. நான் வாங்கக் கை நீட்டினேன்.

"தம்பி, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார் முத்தையா அண்ணன்.

மூன்று நாளில் வசந்தமலர் சிரித்தது அப்போதுதான். வியாழக்கிழமை முத்திரையும் விழுந்தது. வெள்ளிக்கிழமை ஏஜென்சிக்குப் போய்ச் சேர்ந்தது. மாதம் முடியுமுன் அவள் விமானம் ஏறிவிட்டாள்.

மூன்று மாதம் கழித்து சரோஜாக்கா குவைத்திலிருந்து வந்தார். முத்தையா அண்ணனின் கணக்கு சரியாகத்தான் வந்தது, தாயும் மகளும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காததைத் தவிர. ஒருநாள் மத்தியானம் சரோஜாக்கா கடைக்கு வந்து, கைப்பையிலிருந்து அந்தப் பழைய சான்றிதழை எடுத்தார். சுவரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"இதுல என்னா இருக்குன்னு கேட்டா, பாஸ் பண்ணிருச்சுன்னு மட்டும் சொல்றாரு. அவருக்கும் வாசிக்கத் தெரியாதுல்ல. ஒவ்வொன்னா வாசிச்சுச் சொல்றீங்களா தம்பி?"

வாசித்தேன். "தமிழ், டி."

"டீன்னா?"

"அதுதாங்க்கா எல்லாத்துலயும் பெருசு."

"ம்."

"கணக்கு, சி. இங்கிலீஷ், சி. சமயம், டி."

ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். "நான் அங்க போன கையோட அவங்க வீட்டுப் புள்ள ஸ்கூல் சேந்துச்சு. தெனமும் நாந்தான் தல பின்னி அனுப்புவேன். இது சோதன எழுதுனப்ப யாரு பின்னி விட்டாங்களோ" என்றார். சான்றிதழை மறுபடி என் பக்கம் தள்ளி, "இன்னொருக்கா வாசிங்க தம்பி" என்றார்.

ஃபேக்ஸ் மெஷின் கத்திக்கொண்டிருந்தது. அதை விட்டுவிட்டு, தமிழிலிருந்து மறுபடி தொடங்கினேன்.

அந்தக் கடை போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசி விற்கிறார்கள். மாஸ்டர் கனடாவுக்குப் போய்விட்டார். தோட்டத்துப் பிள்ளைகள் பெறுபேற்றைப் போனிலேயே பார்த்துவிடுகிறார்கள். பார்த்த பிள்ளையே தாய்க்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறது, தாய் எந்த நாட்டில் இருந்தாலும். நல்லதுதான். அதை நான் குறை சொல்லமாட்டேன். பிள்ளையின் மார்க்கை வாசித்துக் காட்டச் சொல்லிச் சரோஜாக்காவுக்குப் பிறகும் சிலர் வந்தார்கள். இரண்டாம் தரம் வாசிக்கச் சொன்னவர் அவர் ஒருவர்தான். இப்போது முதல் தரம் வாசித்துக் காட்டவே யாருக்கும் ஆள் தேவையில்லை.